காவல்கிணறு விலக்கு

ஜனவரி 5, வியாழன்

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மருமகள் கோமதி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் வேலை பார்க்கும் ரத்த வங்கி நடத்தும் நடைப்பயணம். பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரி வரை, நான்கு நாள், எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிராமங்களுக்கே போய் ரத்தம் எடுக்க ஒரு வண்டி வாங்குவதற்காக. நான்கு பேர் ஓர் அணி. நான்கு பேரும் கடைசிவரை சேர்ந்து நடந்தால்தான் அந்த அணியின் பேரில் நன்கொடை வரும். ஒருவர் நடுவில் பஸ் ஏறினாலும் அணி செல்லாது.

"ஒரு ஆள் கொறையுது அத்தை. நீங்க வந்தா நல்லாருக்கும்."

முப்பத்திரண்டு வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவளை யாராவது இப்படிக் கெஞ்சிக் கேட்பார்களா? உடனே கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் பார்த்தேன். உலகம்மாள், வயது 60, ரத்த வகை, முகவரி எல்லாம் முன்பே எழுதியிருந்தது. கோமதியின் எழுத்து இல்லை. ஆபீசில் யாரோ எழுதியிருப்பார்கள்.

ஜனவரி 8, ஞாயிறு

முதல் பயிற்சி. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் கூடினோம். நான் விசில் கொண்டுபோயிருந்தேன். "அத்தை, விசில் வேண்டாமே," என்றாள் கோமதி. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் மைமூன். மேலப்பாளையத்தில் தையல் வேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய மகளுக்கு உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படித்தான் கோமதிக்குப் பழக்கமாம். வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆனால் மூச்சு வாங்கவில்லை. நல்ல நுரையீரல்.

நான்காவது ஆள் ஞானதுரை. நாசரேத்துக்காரர், கிறிஸ்தவர், முப்பத்தாறு வயது. ரத்தம் கொடுக்கிறவர்களைப் போனில் கூப்பிட்டு வரவழைப்பது அவருடைய வேலை. எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். அப்புறம் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. மற்ற இரண்டு பேரிடமும் நன்றாகத்தான் பேசினார்.

தூரம் ஐந்து. வருகை 4/4.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது கோமதி, "எல்லாரும் எப்படி இருக்காங்க அத்தை?" என்று கேட்டாள். மைமூன் பரவாயில்லை, ஞானதுரை தோளைக் கூனிக்கொண்டு நடக்கிறார், நிமிர்ந்து நடக்கச் சொல் என்றேன். "வேற ஒண்ணும் தோணலையா?" என்றாள். வேறு என்ன தோன்ற வேண்டும்?

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இந்த வருஷமும் பிடிபடவில்லை. என் மகன் இசக்கிராஜன் இருந்தபோது பானையில் மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. 2020 ஜூனில் பைக் விபத்தில் போனான். அதற்குப் பிறகு கோமதி தன் அப்பா வீட்டுக்குப் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். தனியார் லேப் ஒன்றில் இருந்தவள், அந்த வருஷக் கடைசியில் ரத்த வங்கிக்கு மாறினாள். எத்தனையோ இடம் இருக்க அங்கே ஏன் போனாள் என்று நான் கேட்டதில்லை.

மிஞ்சிய பொங்கலைத் தூக்குச்சட்டியில் போட்டு மத்தியானம் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பண்டிகையானாலும் ஞாயிறானாலும் ரத்த வங்கிக்கு லீவு கிடையாதாம்.

ஜனவரி 22, ஞாயிறு

பயிற்சி, பதினைந்து கிலோமீட்டர். வருகை 4/4. எல்லோருக்கும் சொன்னேன்: புது ஷூ போட்டுக்கொண்டு வரக் கூடாது, பருத்திச் சாக்ஸ், விரலிடுக்கில் தேங்காயெண்ணெய். ஞானதுரை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். இந்த வயதில் சொன்னதை எழுதிக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 26, வியாழன். மூன்றடைப்பு

குடியரசு தினம். ஆறு மணிக்குக் கொடியசைத்து அனுப்பினார்கள். மொத்தம் பதினெட்டு அணி, நாங்கள் பதினொன்றாவது. வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு நின்றார்கள். வரிசை கோணலாக இருந்தது. சரிசெய்யக் கை பரபரத்தது.

பாதி வழியில் கோமதியின் ஷூ கயிறு அவிழ்ந்தது. அவள் குனிவதற்குள் ஞானதுரை குனிந்துவிட்டார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன்னுடைய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவருடையது சரியாகத்தான் இருந்தது.

பொன்னாக்குடியில் டீ குடித்தோம். பேச்சு எடுக்க வேண்டுமே என்று கேட்டேன்:

"உங்களுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை?"

"அமையலைம்மா."

"எங்கிட்டப் படிச்ச பிள்ளை ஒருத்தி இருக்கா, பியூலான்னு. உங்க சபைதான். கபடியில மாவட்ட அளவுல ஆடுனவ. நான் வேணும்னா சொல்லிப் பாக்கட்டுமா?"

டீ அவர் சட்டையில் கொட்டிவிட்டது. மைமூன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். கோமதி தண்ணீர் பாட்டிலைக் கழுவப் போனாள். அது காலையில்தான் கழுவியது. பியூலா தங்கமான பெண். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை.

இருபது கிலோமீட்டர். பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கல். சாம்பாரில் உப்பு அதிகம்.

ஜனவரி 27, வெள்ளி. வள்ளியூர்

இன்று இருபத்து நான்கு. நாங்குநேரி தாண்டும்வரை நன்றாக நடந்தேன். ஞானதுரைக்கு லீவிலும் போன் விடுவதில்லை. நடந்துகொண்டே யார் யாரையோ கூப்பிட்டு ரத்தம் கேட்டார். ஏதோ ஆஸ்பத்திரியில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு. அவளுடைய அம்மாவே நேரடியாகப் பேசினாள் போலிருக்கிறது. அவளிடம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பதறாதீங்கம்மா. ஆள் கெடச்சிரும். நான் பேசிக்கிட்டேதான் இருக்கேன்."

நான் திடீரென்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான். ஜனவரி என்று பெயர், பத்து மணிக்கே தார் கொதிக்கிறது. கோமதி உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கொடுத்தாள். ஞானதுரை தன் தொப்பியை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். பாவம், அவர் என்ன செய்தார்? அதற்குப் பிறகு ஏனோ அவருக்குப் பக்கத்தில் நடக்கப் பிடிக்கவில்லை. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் கோமதி என் பாதத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்குச் சொல்லு. மொதல்ல நீ காலை நீட்டிப் படு."

அவள் போகவில்லை. என் குதிகாலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சென்னையில் ஏதாவது வேலை கிடைத்திருக்கிறதோ? கிடைத்தால் போகட்டும். நான் தனியாக இருக்க மாட்டேனா என்ன. அப்பளம் பொரித்தாலும் ஒருத்திக்கு இரண்டு போதும்.

ஜனவரி 28, சனி

கால் வலி. எழுத முடியவில்லை. வருகை 4/4. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்து.

ஜனவரி 29, ஞாயிறு. விடியற்காலை, காவல்கிணறு தாண்டி ஒரு கல்யாண மண்டபம்

எல்லோரும் பல் தேய்க்கிறார்கள். நேற்றைக்கு எழுதாததை எழுதிவிடுகிறேன்.

பணகுடி தாண்டியதும் கோமதியும் ஞானதுரையும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் மைமூனும் பின்னால். நான்தான் மறுபடி ஆரம்பித்தேன், பியூலாவின் அப்பாவிடம் திங்கட்கிழமை பேசுகிறேன் என்று. மைமூன் நின்றுவிட்டாள்.

"டீச்சரம்மா, நான் சொன்னா கோமதி என்னைக் கொன்னுருவா. ஆனா நீங்க இப்படி ஊரெல்லாம் பொண்ணு தேடுறதைக் கேட்டுக்கிட்டு என்னால நடக்க முடியலை. பொண்ணு ஒங்க வீட்டுலயே இருக்கால்ல."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. எங்கள் வீட்டில் ஏது பெண் என்று யோசித்தேன். அப்புறம் முன்னால் போகிற இரண்டு முதுகுகளையும் பார்த்தேன்.

நடையை எட்டிப் போட்டேன். அவர்களைத் தாண்டும்போது கோமதி, "என்னத்தை?" என்றாள். "காத்து நல்லா இருக்கு, நான் பின்னுக்கு நின்னா கால் மரத்துரும்," என்று என்னவோ உளறிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். அறுபது வயதில் அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. அந்தப் பக்கத்துக் காற்று வேறு முதுகில் கைவைத்துத் தள்ளியது.

காவல்கிணறு விலக்கில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. கன்னியாகுமரிக்கு ஒன்று, நாகர்கோவிலுக்கு ஒன்று. பலகை எவ்வளவு பெரியது! நான் பார்க்கவே இல்லை. நாகர்கோவில் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய், சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதைக் கண்டபிறகுதான் நின்றேன். முப்பந்தல். இசக்கியம்மன் கோயில். என் மகனுக்கு முதல் மொட்டை போட்ட இடம். கால் பழக்கத்தில் போயிருக்கும். போன் பையில், பை அணியின் சாமான் வண்டியில். கோயிலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். நாலு மணிக்குள் நான்கு பேரும் மண்டபத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மணி ஒன்றேகால். பஸ்கள் நின்று நின்று போயின. ஏறக் கூடாது என்பது நினைவிருந்தது. எழுந்து நடக்க வேண்டும் என்பதும் நினைவிருந்தது. எழத்தான் இல்லை.

அரை மணி நேரத்தில் கோமதி ஓடி வந்தாள். நடந்து இல்லை, ஓடி. முகமெல்லாம் புழுதி. ஞானதுரை கன்னியாகுமரி ரோட்டில் தேடப் போயிருக்கிறார், மைமூன் விலக்கிலேயே நிற்கிறாள் என்றாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"ஒரு வருசம் ஆகப் போவுது. அவரு ஆறு மாசமாக் கேக்காரு. ஒங்களை விட்டுட்டு வர மாட்டேன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க வேண்டாம்னா வேண்டாம் அத்தை. சத்தியமா."

"அப்போ எதுக்கு என்னை நடக்கக் கூட்டிட்டு வந்தே?"

"அவருதான் சொன்னாரு. அம்மா என்னைத் தெரிஞ்சுக்கிடட்டும், பொறவு நானே கேக்கேன்னு. படிவம்கூட அவரு எழுதுனதுதான்."

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் இருபத்தொன்பது வயதில் தாலி இழந்தவள். இந்த மூன்று வருஷமும் அவளுக்கு நான் துணை என்று நினைத்திருந்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அது திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒங்ககிட்டப் போன்ல பேசுனது அவருதான்."

அது எனக்கு நேற்று முன்தினமே தெரியும். தெரியாதது மாதிரி இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் மகனுக்கு ஓ நெகட்டிவ் வேண்டியிருந்தது. ஊரடங்கு நேரம். ரத்த வங்கியிலிருந்து ஒருவன் நான்கு முறை பேசினான். பதறாதீங்கம்மா, ஆள் கெடச்சிரும். நான்காவது முறை பேசியபோது இசக்கி இல்லை.

மரத்தடியிலிருந்து எழுந்தேன். "எந்திரி, நேரமாச்சு," என்றேன். திரும்பி மூன்று கிலோமீட்டர், அப்புறம் மண்டபத்துக்கு மூன்று. விலக்கில் மைமூன் சேர்ந்துகொண்டாள், வழியில் ஞானதுரை. எதிர்க்காற்று. மண்டபத்துக்குள் கடைசியாக நுழைந்த அணி நாங்கள்தான்.

அதே நாள், மத்தியானம், கன்னியாகுமரி

வந்துவிட்டோம். ஒன்று நாற்பது. வருகை 4/4.

காலையில் கிளம்பியதும் மற்ற இருவரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு ஞானதுரையை என்னோடு வரச் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். அப்புறம் கேட்டேன்.

"அன்னைக்குப் பேசுனது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"ஆள் கெடச்சிரும்னு சொன்னீங்க."

"சொன்னேன். ரெண்டு பேர் வந்தாங்க. மூணாவது ஆள் கயத்தார்ல இருந்து வரணும். பஸ் இல்லை, வாடகை வண்டி இல்லை. சைக்கிள்ல கிளம்பிட்டாரு."

"சைக்கிள்லயா?"

"முப்பது கிலோமீட்டருக்குக் கொறையாதும்மா. அவரு வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருந்துது. நான்தான் வாசல்ல நின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் படியில உக்காந்துருந்தாரு. பொறவு, வந்தது வந்தாச்சு, வேற யாருக்காவது ஆகும், எடுத்துக்கிடுங்கன்னு குடுத்துட்டுப் போனாரு. பேரு மாடசாமி. இப்பவும் குடுக்க வருவாரு."

மூன்று வருஷமாக, என் பிள்ளைக்காக யாரும் வரவில்லை என்றே நினைத்திருந்தேன். ஊரில் இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் வரவில்லை என்று. இந்த ஊரின் மேலேயே எனக்கு ஒரு கசப்பு இருந்தது. ஒரு மனிதன் அந்த வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"இதை ஏன் எங்கிட்ட யாரும் சொல்லலை?"

"எந்த முகத்தோட வந்து சொல்ல? கோமதிகிட்ட, அவங்க வேலையில சேந்த அன்னைக்கே சொன்னேன். ஒரு வாரம் எங்கூடப் பேசலை."

"இப்பவும் எல்லாருகிட்டயும் ஆள் கெடச்சிரும்னுதான் சொல்லுதீங்க. நேத்து முன்தினம்கூடச் சொன்னீங்க."

அவர் யோசித்தார். "சொல்லாம இருந்தா என்னால அடுத்த நம்பரைப் போட முடியாதும்மா."

அந்தப் பிரசவமான பெண்ணுக்குக் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்துவிட்டதாம். பெண் குழந்தையாம். நிமிர்ந்து நடங்க, கூனினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றேன். நிமிர்ந்தார். அதற்குமேல் அவர் கேட்க வந்ததை நான் கேட்கவிடவில்லை. கோமதி பத்தடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கடல் தெரிந்ததும் மைமூன் தன் மகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினாள். யாரோ கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் ஓரமாகப் போய் ஷூவைக் கழற்றினேன். இடது சுண்டுவிரல் நகம் கறுத்துவிட்டது. அழுகை வந்தது. நகத்துக்காக என்று மைமூனிடம் சொன்னேன்.

பிப்ரவரி 1, புதன்

மூன்று நாளாக நானும் கோமதியும் காய்கறி பற்றி மட்டும் பேசுகிறோம். கத்திரிக்காய் முற்றலா, பிஞ்சா. அவள் நான் பேசட்டும் என்று காத்திருக்கிறாள். நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? சரி என்று சொல்ல உரிமை உண்டா? அவளைப் பெற்றவர்கள் சங்கரன்கோவிலில் இருக்கிறார்கள். என் மகனே இல்லாதபோது நான் இவளுக்கு யார்? மாமியார் என்பது எதுவரைக்கும்?

இசக்கியின் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டேன். மறுபடி மடித்து வைத்தேன். எதற்காகச் செய்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கோமதியின் அப்பா சங்கரலிங்கம் அண்ணாச்சி போன் பண்ணினார். சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும்.

"மதினி, காதுல விழுந்தது நெசமா? ஒரு வேதக்காரப் பயகூட நடந்து கன்னியாகுமரிக்குப் போனாளாமே? எவனோ போட்டோ அனுப்பியிருக்கான்."

"நானும்தான் போனேன் அண்ணாச்சி. போட்டோவுல ஓரத்துல நிக்கேன் பாருங்க."

"வெளையாடாதீங்க. நம்ம சாதி சனம் என்ன பேசும்? நீங்கதான் அவளைக் கண்டிக்கணும். ஒங்க வீட்டுலதானே இருக்கா."

கண்டிக்கிறேன் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொல்லவும் எளிது. வந்தது வேறு.

"அண்ணாச்சி, அவ ஒங்க பொண்ணு. இப்ப அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. நான் இன்னும் எத்தனை வருசம் இருப்பேன்? அதுக்கப்புறம் அவ யாரைப் பாத்துக்கிட்டு இந்த வீட்டுல உக்காந்திருப்பா? என் மகன் போட்டோவையா?"

அவர் பதில் சொல்வதற்குள் நானே தொடர்ந்தேன்.

"அந்தப் பையன்கூட நாலு நாள் நடந்திருக்கேன். தாகத்துல பாத்திருக்கேன், கால் வலியில பாத்திருக்கேன். என் மகன் கெடந்த அன்னைக்கு அவன் உசுரக் காப்பாத்த ஊரெல்லாம் போன் போட்டவன் அவன்தான். முடியலை. அதை எங்கிட்ட மறைக்காமச் சொன்னான். நல்லவன் அண்ணாச்சி. தோள்தான் கொஞ்சம் கூனல். அது சரியாயிரும்."

"நீங்களா மதினி இப்படிப் பேசுதீங்க?"

"ஆமா, நான்தான் பேசுதேன். அடுத்த ஞாயித்துக்கெழமை அவங்க அம்மாவை வரச் சொல்லுதேன். நீங்களும் அக்காவும் வாங்க. சண்டை போடணும்னாலும் இங்க வந்து போடுங்க. மீன் கொழம்பு வைக்கேன்."

அவர் வைத்துவிட்டார். வருவாரா, தெரியாது.

திரும்பினால் அடுக்களை வாசலில் கோமதி கையில் கரண்டியோடு நிற்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே அதை அணைக்கவில்லை. அவள் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கரண்டி என் முதுகில் சுட்டது. சொல்லவில்லை.

இப்போது சாயங்காலம். கோமதி போனில் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள், என் முன்னாலேயே, சத்தமாக. நான் எப்போது சம்மதித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அண்ணாச்சியிடம் பேசும்போதா? கன்னியாகுமரி ரோட்டிலா? அதற்கும் முன்னாலா? முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன். எந்தத் தேதியிலும் அப்படி ஒரு வரி இல்லை.